நம்ம கடை, எங்க கடை

ஜூன் 3, திங்கள்

வங்கிக்காரர் இன்றும் வந்தார். மகளுக்குக் கீபோர்டு வேண்டுமாம். போன வாரமும் இதையேதான் சொன்னார். கடையில் இருக்கிற மாடல் எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். வயலின் சத்தம் வை என்றார், வைத்தேன். தபேலா வை என்றார், அதையும் வைத்தேன். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போனைத் தூக்கி என் விரல்களைப் படம் பிடித்தார். "மூஞ்சி விழாது பாப்பா, கை மட்டும்தான்" என்றார். பிறகு கீபோர்டைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரையும் படம் பிடித்தார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் என்ன கேட்பார்? போனைத்தான் கேட்பார். அது நாலு காசு குறைத்துச் சொல்லும். அதற்குக் கடை வாடகை இல்லை, கரண்டு பில் இல்லை, வாசித்துக் காட்ட ஒரு ரூபி இல்லை. அந்த ரூபியின் கை மட்டும் அவர் போனில் இலவசமாகப் போய்விட்டது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் காது சூடாகிவிடும். சொல்ல நினைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய்க்கு வரும். அதை இதில் எழுதுகிறேன். இன்று வாய்க்கு வந்தது: திருடன்.

ஜூன் 5, புதன்

எழுதிய மை காயவில்லை, வந்துவிட்டார். கையில் பெரிய அட்டைப் பெட்டி. ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். ஸ்டாண்டை மாட்டத் தெரியவில்லையாம். "பாப்பாதான் நல்லா செய்யும்லா" என்று என் முன்னாலேயே இறக்கி வைத்தார்.

சுநாதம் மியூசிக்கல்ஸ் முதலாளி பரமானந்தம் அண்ணாச்சி. கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், அடித்தொண்டையில் சிரிப்பார். இன்று அப்படித்தான் சிரித்தார். "செஞ்சு குடு ரூபி. கல்யாணம் அங்க, பந்தி இங்க" என்றார். வங்கிக்காரரும் கூடச் சிரித்தார். வெட்கமே இல்லை. நான் குனிந்து ஸ்க்ரூ முடுக்கினேன். முறுக்கி உடைத்துவிடலாமா என்றிருந்தது. உடைக்கவில்லை. கீபோர்டு என்ன பாவம் செய்தது?

அவர் போன பிறகு அண்ணாச்சி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு போர்டு எழுதணும்ட்டி. உன் கையெழுத்துல எழுது" என்றார்.

ஜூன் 6, வியாழன்

எழுதினேன். இங்கே வாங்காத கருவிகளுக்கு இங்கே சர்வீஸ் செய்து தரப்படமாட்டாது. கடைசிச் சொல்லுக்கு இடம் போதவில்லை, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. வங்கிக்காரர் வந்து இதை வாசிக்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

வியாபாரிகள் சங்கத்தில் நோட்டீஸ் அடிக்கிறார்கள். வாசகம் எழுதித் தருகிறேன் என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டு வந்து, அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம்.

நம்ம ஊர்க் காசு நம்ம ஊருக்கே! நம்ம கடையில் வாங்குவோம்!
பெட்டியில் வருவது பொருள். கடையில் கிடைப்பது உறவு.

உறவு என்பது நான் சொன்னது. "எப்படிட்டி உனக்கு இப்படி வருது, படிச்சிருந்தா எங்கயோ போயிருப்ப" என்றார். ஏன் பத்தாவதோடு நிறுத்தினாய் என்று கேட்டார். கணக்கு வரவில்லை என்றேன். கணக்கில் எனக்கு எண்பத்திரண்டு.

அண்ணாச்சி நல்லவர். நான் இங்கே வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, ஒருநாளும் ஒரு சுடுசொல் இல்லை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் எந்தக் கீபோர்டை வேண்டுமானாலும் தொட்டுக்கொள் என்று விட்டுவிடுவார். விலை கூடிய மாடலைக்கூட. எங்கள் வீட்டில் கீபோர்டு இல்லை, வாங்கவும் முடியாது. நான் நாள் முழுக்க வாசிக்கக் கிடைக்கிற ஒரே இடம் இந்தக் கடைதான். இது மூடிவிட்டால் என் விரல்களுக்கு ஊரில் இடம் இல்லை. அதனால்தான் அந்த வங்கிக்காரர்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எந்தத் தெரு? சர்ச் தெரு என்றேன். அது பொய் இல்லை. எங்கள் காலனியிலும் சர்ச் இருக்கிற தெருவுக்கு அதுதான் பெயர். அவர் பஜாருக்குப் பின்னால் இருக்கிற பெரிய சர்ச் தெரு என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பேச வராதவள் எப்படித் திருத்துவாள்?

ஜூன் 15, சனி

தெபோராள் அத்தை கடைக்கு வந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் சபையில் பெண்கள் பாட்டுக்கு அவள்தான் தலைவி. கூட இரண்டு பேர். பிடி அரிசிப் பணத்தில் சபைக்குக் கீபோர்டு வாங்க வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொண்டுவந்து கொட்டி, ஏலம் விட்டு, மூன்று வருடமாகச் சேர்த்தது. வருவதாக என்னிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் லீவு போட்டிருப்பேன்.

அத்தை உள்ளே வந்து கடையைச் சுற்றிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், அங்கே இருக்கிற கிடாரைப் பார்த்த மாதிரி.

"என்ன வேணும்?" என்றார் அண்ணாச்சி.

"கீபோர்டு பாக்கணும் அண்ணாச்சி. சபைக்கு."

"எந்தத் தெரு?"

"தெற்குக் காலனி."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபைக்குன்னா அந்த அறுபத்தோரு கட்டை மாடல்தான் சரிவரும். இப்ப ஸ்டாக் இல்லயே."

அது என் முன்னால் இருந்தது. காலையில்தான் துடைத்து வைத்திருந்தேன்.

"இந்தா இருக்கே" என்றாள் அத்தை.

"அது டிஸ்ப்ளே பீஸ். கைய வைக்காதிய, கறை புடிச்சிரும்."

கூட வந்த பெண்களில் ஒருத்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அத்தை இழுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்து, "பாப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாயேன், வெயிலு கொல்லுது" என்றாள். பிறந்த நாளில் இருந்து என்னை ஏட்டி, மூதி, எருமை என்று மட்டுமே கூப்பிடுகிறவள்.

நான் டம்ளரை எடுத்தேன். "டம்ளர் வேண்டாம் ரூபி, பேப்பர் கப்புல குடு" என்றார் அண்ணாச்சி. மெதுவாகத்தான் சொன்னார், நல்லவர்கள் சொல்கிற மாதிரி.

பேப்பர் கப்பில் கொடுத்தேன். அத்தை குடித்துவிட்டு, "நல்லா இரு பாப்பா" என்றாள். போய்விட்டார்கள்.

சாயந்திரம் அண்ணாச்சி அதே டம்ளரில் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

தலைவலி. சபைக் கோயிலுக்குப் போகவில்லை.

ஜூன் 19, புதன்

வீட்டுக்கு அத்தை வந்திருந்தாள். ஒன்றுமே நடக்காதது போல, "என்ன பாப்பா, உங்க கடையில தண்ணி நல்லா ஜில்லுன்னு இருக்கு. பிரிட்ஜா?" என்று சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எதற்காகச் சிரிக்கிறார்கள்? அழுதாலாவது பதில் சொல்லலாம்.

போனில் ஆர்டர் போட்டுவிட்டார்களாம். நான் அத்தையிடம் சத்தம் போட்டேன். வீட்டுக்குள் மட்டும் எனக்குச் சத்தம் வரும். "நீயும் அந்த வங்கிக்காரனும் ஒண்ணுதான். எல்லாரும் இப்படிப் போன்ல வாங்குனா கடைக்காரன் எங்க போவான்? நாங்க எங்க போவோம்?"

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்: "போன்ல முகவரின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எழுதுனோம். அது ஸ்டாக் இருக்குன்னுச்சு."

கதவை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

பெட்டி வந்துவிட்டது. டெலிவரிக்காரன் மெயின் ரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டு, "காலனிக்குள்ள வண்டி வராது, நீங்க வந்து எடுத்துக்கிடுங்க" என்று போன் பண்ணினானாம். எங்கள் தெருவில் லாரியே வரும். அத்தை பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே பிள்ளைகள் எல்லாம் ஊர்வலம்.

பாருங்கள், உங்கள் போனும் அப்படித்தான் என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இதில் ஜெயித்து யாருக்கு என்ன? கம்பெனிக்காரனுக்கு நாங்கள் எந்தத் தெரு என்று தெரியாது. இங்கே பெட்டியைக் கொண்டுவருகிறவனுக்குத் தெரிகிறது. அவன் நம்ம ஊர்க்காரன்தான்.

ஜூன் 23, ஞாயிறு

இன்றும் போகவில்லை. ஆனால் கோயில் மைக்கு எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது.

சபையை நடத்துகிற உபதேசியார் ஆர்மோனியம் வாசித்தார். அவர் மனைவி புதுக் கீபோர்டு. இரண்டும் சேர்ந்தபோது நாயும் பூனையும் ஒரே சாக்கில் கிடந்த மாதிரி இருந்தது. பெண்கள் எதைப் பிடித்துப் பாடுவது என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி நின்றார்கள்.

கேட்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் சபையில் பாடுவது அஞ்சு கட்டையில். அந்த அம்மா கீபோர்டில் சுருதி மாற்றும் பட்டனை அமுக்கி, திரையில் 5 என்று வந்ததும் விட்டிருக்கிறார். அந்த 5 வேறு, நம் அஞ்சு கட்டை வேறு. அது கறுப்புக் கட்டையையும் சேர்த்து எண்ணும். 5 வைத்தால் நாலு கட்டையில்தான் நிற்கும். அஞ்சு கட்டைக்கு 7 வைக்க வேண்டும். ஆர்மோனியம் அஞ்சு கட்டையில், கீபோர்டு நாலு கட்டையில். இரண்டு தடவை பட்டனை அமுக்கினால் சரியாகிவிடும்.

போய்ச் சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

அத்தை வந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஏட்டி, அது பழுது போலருக்கு. போன்ல வாங்குனா இப்படித்தான்னு ஆம்பளைய எல்லாம் பேசுதானுவ. பொம்பளைய கையில காசக் குடுத்தா இப்படித்தான்னும் பேசுதானுவ. ஆறாந்தேதி கோயில் அசனம் இருக்கு, நாலு சபை ஆளு சாப்பிட வரும். வந்து என்னன்னு பாரு."

"இங்க வாங்காததுக்கு சர்வீஸ் கெடையாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போர்டில் எழுதியது வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது போல.

அத்தை "இங்கன்னா எங்க?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்த எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு அப்பாவும் மகனும் கிடார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தபேலாவுக்கு வார் மாட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினாள்.

"அண்ணாச்சி, இத ஒரு பார்வை பாத்துத் தாங்க. கூலி என்னவோ குடுத்திருதேன்."

அண்ணாச்சிக்கு அவளை நினைவிருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஆன்லைன் கம்பெனிப் பேரைப் பார்த்ததும் அடித்தொண்டைச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க கடையில வாங்காதத எங்ககிட்ட ஏன் கொண்டு வாறிய?"

எங்க கடை. நோட்டீஸில் நம்ம கடை என்று எழுதச் சொன்னவர் இவர்தான். நம்ம என்றால் சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்தது. எங்க என்றால் கேட்கிறவர் வெளியே. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நோட்டீஸ் கட்டுக்கட்டாக அவர் மேஜைமேலேயே இருந்தது, நம்ம நம்ம நம்ம என்று.

"உங்க கடையிலதான் மொதல்ல கேட்டோம்" என்றாள் அத்தை.

"ஸ்டாக் இல்லன்னா நாலு நாள் பொறுக்கணும். அந்தப் பொறும உங்க ஆளுகளுக்கு எங்க இருக்கு? போன்ல தட்டுனா வீட்டு வாசல்ல வந்துரும்னு நெனப்பு. இப்ப யாரு வந்து நிக்கா?" கிடார்க்கார அப்பா சிரித்தார். அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரூபி, அந்தப் போர்டு என்ன சொல்லுதுன்னு இவியளுக்குப் படிச்சுக் காட்டு. படிக்கத் தெரியாதோ என்னவோ."

அத்தை எட்டாவது வரை படித்தவள். பெண்கள் கூட்டத்தில் வேதம் வாசிப்பது அவள்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்று வேண்டுமென்றே தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த முதுகைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை" என்றேன்.

சின்னச் சத்தமாகத்தான் வந்தது. அத்தை திரும்பவில்லை. அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. "அத்தை, பெட்டிய இங்க கொண்டா."

அண்ணாச்சி, "யார்ட்டி அத்தை?" என்றார்.

"எங்கப்பா கூடப் பொறந்தவ."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தார். நான் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை.

பெட்டியைப் பிரித்து, கீபோர்டை டிஸ்ப்ளே பீஸின் மேலேயே வைத்து, கரண்டு கொடுத்தேன். திரையில் 5 நின்றது. இரண்டு தடவை அமுக்கினேன். "பாடு" என்றேன்.

"இங்கயா?" என்றாள் அத்தை.

"பாடு!"

கடையில் வைத்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அத்தை அசனப் பாட்டின் முதல் அடியை எடுத்தாள். எங்கள் காலனிக்கு என்றே இருக்கிற குரல், மைக்கு இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கும். கீபோர்டு அதோடு சேர்ந்து நின்றது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தபேலாக்காரர் தொடையில் தாளம் போட ஆரம்பித்து, அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அத்தை கூலி என்ன என்று கேட்டாள். அண்ணாச்சி கிடார்க்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னது: "எருமை. வேலையக் கெடுத்துக்கிட்டியே."

ஜூன் 28, வெள்ளி

போனேன். அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்.

"நான் உன்ன வேலைய விட்டு நிறுத்தல ரூபி. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. ஒரு வருஷமா உன்ன எம் பிள்ள மாதிரி வச்சிருந்தேன். உன்ன நான் அப்படி நெனச்சதே இல்ல. நீதான் சொல்லாம ஏமாத்திட்ட."

நான் நின்றேன்.

"வாறவன் போறவன் நாலு விதமா பேசுவான். எனக்கு ஒண்ணும் கெடையாது. பாக்கிறவனுக்காகச் சொல்லுதேன். பின்னால குடோன்ல ஒரு மேச போட்டுத் தாரேன். ரிப்பேர் எல்லாம் நீயே பாரு. சம்பளத்துல ஒத்த ரூபா கொறைக்க மாட்டேன். முன்னால மட்டும் வேண்டாம்."

பின்னால இரு. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். பத்தாவதில் ஆண்டு விழாவுக்குக் கீபோர்டு வாசிக்க என்னைத்தான் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக் கீபோர்டில் மாதக்கணக்காகப் பழகினேன். விழா அன்று கீபோர்டு திரைக்குப் பின்னால் போயிருந்தது. மேடையில் கீபோர்டு இல்லாத ஸ்டாண்டுக்கு முன்னால் பட்டுப்பாவாடை கட்டிய இன்னொரு பிள்ளை நின்று விரலை ஆட்டினாள். கைதட்டல் பலமாக இருந்தது. பரீட்சை எழுதி முடித்த அன்றோடு பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லோரிடமும் கணக்கு வரவில்லை என்று சொன்னேன்.

இன்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

அம்மா பேசவில்லை. அத்தை பேசிக்கொண்டே இருக்கிறாள்.

"யாரு உன்னய அத்தைன்னு கூப்பிடச் சொன்னா? நான் பாப்பான்னு கூப்பிட்டேன்லா, அந்த மாதிரி நீ ஒரு பெரியம்மான்னோ பாட்டியம்மான்னோ கூப்பிட்டா வாய் வெந்தா போயிரும்? தொட்டுப் பழகுறதுக்கு ஒரு எடம் கெடச்சிருந்துச்சு. அதுக்காகத்தான பேப்பர் கப்புல குடிச்சேன்."

"நீ குடிச்சது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

இருவரும் வெகுநேரம் சண்டை போட்டோம். கடைசியில் அவள்தான் எனக்குச் சோறு போட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

மத்தியானம் அண்ணாச்சி போன் பண்ணினார். பெரிய சர்ச்சில் இருந்து ஹெலன் டீச்சர் வருகிறாராம். அங்கே பாடகர் குழுவை நடத்துகிறவர். இரண்டு கீபோர்டு எடுக்கப் போகிறார்கள். வாசித்துக் காட்ட ஆள் இல்லை. "நான் ஒரு கைய வச்சா ஒம்பது கட்டை சேந்து கத்துது ரூபி. வந்து காட்டிட்டுப் போ. இந்த ஒரு தடவ."

"முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டேன். போனில் என்பதால் கேட்க முடிந்தது.

"முன்னாலதான்" என்றார்.

போனேன். ஏன் போனேன் என்று அம்மா கேட்டாள். வாசித்து நாளாகிவிட்டது, வேறு எதற்கு?

ஹெலன் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர். படம் எடுக்கவில்லை, நம்பர் குறிக்கவில்லை. முதல் கீபோர்டை முடித்ததும் கண்ணைத் திறந்து, "நல்லா வாசிக்கியே பிள்ள. நீ எந்தச் சபை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "நம்ம பிள்ளதான் டீச்சர்."

அந்த நம்ம என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

"தெற்குக் காலனி சபை" என்றேன்.

ஹெலன் டீச்சர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க அசனத்துக்கு ஒரு வருஷம் வந்திருக்கேன்" என்றார் டீச்சர். "சோறு நல்லா இருந்துச்சு, மைக்குதான் காதக் கிழிச்சிட்டு. சரி, அந்த ரெண்டாவதையும் வாசி. ஆர்கன் சத்தம் வை."

வைத்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா ரூபி, ஒண்ணும் ஆகல! நான்தான் வீணா பயந்துட்டேன். நாளைலருந்து வா. முன்னாலயே இரு."

ஒன்றும் ஆகவில்லையாம். ஒரு வருடம் நான் எங்கள் காலனி முனையில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதற்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ வருவார்கள், யாரோ பேசுவார்கள் என்று இவர் காட்டின அந்த யாரோ கடைசிவரை வரவே இல்லை. கடையில் இருந்தது இவர் மட்டும்தான்.

"அத்தைகிட்ட வந்து சொல்லுங்க" என்றேன்.

"என்னத்த?"

"ஸ்டாக் இருந்துச்சுன்னு."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். "அட, வியாபாரத்துல ஆயிரம் இருக்கும். அந்தம்மாவ ஒருநாள் கடைக்கு வரச் சொல்லு. நானே டீ வாங்கித் தாரேன்."

"நீங்க வீட்டுக்கு வாங்க. தெற்குக் காலனி, சர்ச் தெரு, தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு."

"பாக்கேன்" என்றார்.

ஜூலை 3, புதன்

வரவில்லை. நானும் போகவில்லை.

கடை மூடிவிடும் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. வங்கிக்காரர்மேல் இருக்கிற ஆத்திரமும் அப்படியேதான் இருக்கிறது. ஊரில் ஒரு கடை வேண்டும். தொட்டுப் பார்த்து, வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் வருவதை நம்பிக் காசைக் கட்டக் கூடாது. நோட்டீஸில் எழுதிய ஒரு வரியைக்கூட நான் மாற்ற மாட்டேன். ஆனால் தொடாதே என்கிற கடைக்கும் தொட முடியாத பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

அண்ணாச்சி காலையில் போன் பண்ணினார். "கடையில ரெண்டு பேர் வந்து நிக்காங்க ரூபி. ஆட்டோ காசு நான் தாரேன், ஏறி வா."

"நீங்க எப்ப வாறிய அண்ணாச்சி?"

"எனக்கு வேல இருக்குல்லா."

"எனக்கும் இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

நிஜமாகவே இருந்தது. நாளை அசனம். சாயந்திரம் கோயிலில் பெண்களுக்குப் பயிற்சி. உபதேசியார் மனைவி கீபோர்டை என்னிடம் கொடுத்துவிட்டு, தப்பித்தோம் என்று பெண்களோடு பாயில் போய் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பாதிப்பேர் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறார்கள், மீதிப்பேர் பின்னால் நடந்து வருகிறார்கள். நான் கத்தினேன். மறுபடி கத்தினேன். ஒருத்தி, "பேசாத பிள்ளன்னுல்லா சொன்னிய" என்று அத்தையிடம் முறையிட்டாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் என் போன் அடித்தது. அத்தை பாடிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பேரைப் படித்துவிட்டுப் பாட்டை நிறுத்தினாள். எல்லோரும் நிறுத்தினார்கள்.

"கடைக்காரர்ட்டி. எடு."

"நீ ஏன் நிறுத்துன?" என்றேன். "பல்லவில இருந்து எல்லாரும் திரும்பப் பாடுங்க. சுருதி எறங்குது."